ஊரும் பேரும்: ஓர் ஐரிஷ் குடும்பத்தின் வேரைத் தேடுவது எப்படி?

1892 ஜனவரி 1-ஆம் தேதி நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டது. முதல் ஆளாக அங்கே பதிவானவள் ஆனி மூர். அயர்லாந்தின் கார்க் நகரத்துப் பெண், வயது 17. கூடவே அந்தோணி, பிலிப் என்று இரண்டு தம்பிகள். அம்மாவும் அப்பாவும் முன்பே நியூயார்க் வந்து சேர்ந்துவிட்டதால், நெவாடா என்ற கப்பலில் தம்பிகளைத் தானே பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். முதல் ஆள் என்பதால் அதிகாரிகள் அவள் கையில் பத்து டாலர் தங்க நாணயம் ஒன்றைக் கொடுத்தார்கள். கப்பல் ஏறிய கோவ் துறைமுகத்திலும், வந்து இறங்கிய எல்லிஸ் தீவிலும் இன்று அவளுக்குச் சிலை இருக்கிறது.

அப்புறம் அவள் என்ன ஆனாள்? மேற்கே டெக்சாஸ் போனாள், ஓ'கானல் என்ற ஒருவரை மணந்தாள், 1923-ல் டிராம் வண்டி மோதி இறந்தாள் என்றுதான் பல வருடங்களாகச் சொல்லிவந்தார்கள். அந்தப் பெண்ணின் சந்ததியினரை விழாக்களுக்கு அழைத்து மரியாதையும் செய்தார்கள். மெகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் பழைய மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தபோது கதை கலைந்தது. டெக்சாஸ் ஆனி மூர் பிறந்ததே அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தில். கப்பலில் வந்த ஆனி யார் என்பது 2006-ல் தெரியவந்தது. தம்பி பிலிப்பின் குடியுரிமைப் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போனதில் அவள் வீடு அகப்பட்டது. அவள் நியூயார்க்கிலேயே, லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் வாழ்ந்திருக்கிறாள். ஜெர்மானியக் குடும்பத்து ஜோசப் ஷேயரை மணந்து, பதினொரு பிள்ளைகள் பெற்று, சிலரைச் சிறு வயதிலேயே பறிகொடுத்து, 1924-ல் இறந்திருக்கிறாள். அவள் கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. 2008-ல்தான் நட்டார்கள்.

பேர் ஒன்று, வயதும் கிட்டத்தட்ட ஒன்று. அதை வைத்தே இரண்டு பெண்களை ஒருத்தி ஆக்கிவிட்டார்கள். ஐரிஷ் வேர்களைத் தேடப் புறப்படுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். குடும்பப் பெயர் திசையைக் காட்டும். வீட்டைக் காட்டுவது ஊர்தான். பேரை மட்டும் வைத்துத் தேடினால் யாரோ ஒருவருடைய முன்னோருக்கு நாம் விளக்கு ஏற்றிக்கொண்டிருப்போம்.

பேரில் என்ன இருக்கிறது

ஊர்தான் முக்கியம் என்றாலும் பேரிலிருந்துதான் எல்லோரும் தொடங்குகிறோம். சரி, அங்கிருந்தே போவோம்.

அயர்லாந்தின் பழைய மொழி கேலிக் எனப்படும் ஐரிஷ். அதில் 'மக்' என்றால் மகன். நம் 'மகன்' போலவே ஒலிப்பது தற்செயல்தான், ஆனாலும் நினைவில் வைத்துக்கொள்ள வசதி. 'ஓ' என்றால் பேரன், விரித்துச் சொன்னால் வழிவந்தவன். தமிழில் 'பேரன்' என்பதே 'பெயரன்', அதாவது தாத்தாவின் பெயரைத் தாங்கியவன் என்ற பொருளில் வந்த சொல். ஐரிஷ் குடும்பங்களிலும் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் வலுவாக இருந்தது. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். எல்லா வீட்டிலும் இதை அப்படியே பின்பற்றினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைகளின் பெயர்களைப் பிறந்த வரிசையில் எழுதிப் பார்த்தால், ஆவணம் கிடைக்காத தாத்தா பாட்டியின் பெயரை ஊகிக்க அது பல முறை உதவும்.

ஆரம்பத்தில் 'மக்' தலைமுறைக்குத் தலைமுறை மாறியது, நம் இனிஷியல் மாதிரி. கோனின் மகன் பிரையன், பிரையனின் மகன் டோனல் என்று. 10, 11-ஆம் நூற்றாண்டுகளில் அது மாறாமல் நின்று குடும்பப் பெயரானது. ஐரோப்பாவில் இவ்வளவு சீக்கிரம் பரம்பரைக் குடும்பப் பெயர் வந்த நாடுகள் குறைவு. 1014-ல் குளோன்டார்ஃப் போரில் இறந்த பிரையன் போரு என்ற அரசனின் வழிவந்தவர்கள் ஓ'பிரையன் ஆனார்கள். கென்னடி என்ற பெயர் 'ஓ கின்னேடி' என்பதிலிருந்து வந்தது. அந்தக் கின்னேடியும் பிரையன் போருவின் உறவுக்காரன்தான்.

1890-ஆம் வருடப் பிறப்புப் பதிவுகளை எண்ணிப் பார்த்தபோது அயர்லாந்தில் முதலிடம் மர்ஃபிக்கு, இரண்டாமிடம் கெல்லிக்கு, அடுத்து சல்லிவன், அதற்கடுத்து வால்ஷ். மர்ஃபியின் மூலம் 'ஓ முரஹூ', கடல் வீரனின் வழிவந்தவன். வால்ஷ் வேறு கதை. 1169-லிருந்து வேல்ஸ் வழியாக வந்திறங்கிய நார்மன் படைகளோடு வந்தவர்களை ஐரிஷ்காரர்கள் 'பிரனாக்' என்றார்கள், அதாவது வேல்ஸ்காரன். அதன் ஆங்கில வடிவம் வால்ஷ். ஃபிட்ஸ்ஜெரால்டு போன்ற பெயர்களில் முன்னால் நிற்கும் 'ஃபிட்ஸ்', மகன் என்று பொருள்படும் நார்மன் பிரெஞ்சுச் சொல். ஆனால் ஃபிட்ஸ்பேட்ரிக் மட்டும் நார்மன் இல்லை. அதன் மூலம் 'மக் கில்லா ஃபாட்ரிக்', புனித பேட்ரிக்கின் அடியாருடைய மகன். தூய ஐரிஷ் பெயர் நார்மன் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது.

இந்தச் சட்டை மாற்றம்தான் தேடுகிறவர்களைக் குழப்புவது. 1465-ல் டப்ளினைச் சுற்றி ஆங்கில ஆட்சியில் இருந்த ஐரிஷ்காரர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு சட்டமே வந்தது. ஊர்ப் பெயரோ, நிறமோ, தொழிலோ, பதவியோ எதையாவது எடுத்துக்கொள்ளலாமாம். பிந்திய நூற்றாண்டுகளில் ஐரிஷ் மொழியின் செல்வாக்குக் குறையக் குறைய, மக்களே பெயர்களை மாற்றத் தொடங்கினார்கள். 'மக் கவன்' என்றால் கொல்லனின் மகன். சிலர் அதை ஒலிப்படி மெக்கவன் என்று எழுதினார்கள், கேவன் மாவட்டத்தில் பலர் பொருளை மொழிபெயர்த்து ஸ்மித் ஆகிவிட்டார்கள். ஆகவே அமெரிக்காவில் ஒரு ஸ்மித் குடும்பம் 'நாங்கள் ஐரிஷ்' என்றால் சந்தேகப்பட வேண்டாம். அதேபோல் 'மக் அன் வார்டு', பாணனின் மகன், வார்டு ஆனது. கேட்டால் இங்கிலாந்துப் பெயர் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது ஒரு புலவர் குடும்பம்.

17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஏராளமானோர் பெயருக்கு முன்னால் இருந்த 'ஓ'வையும் 'மக்'கையும் விட்டுவிட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் மொழி மறுமலர்ச்சி எழுந்தபோது பலர் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அதனால் அண்ணன் சல்லிவன், தம்பி ஓ'சல்லிவன் என்று இருப்பது சாதாரணம். தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே பாருங்கள். 'எங்கள் பெயரில் ஓ கிடையாது, அதனால் அவர்கள் வேறு' என்று ஒதுக்கினால் சொந்த ஆட்களையே தவறவிடுவோம்.

எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். அங்கே அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான பயணிகள் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பெரும்பாலும் அப்புறம்தான், அக்கம்பக்கத்தாரின் நாவிலும், பள்ளிக்கூடத்திலும், முதலாளியின் சம்பளக் கணக்கிலும்.

அயர்லாந்தில் பிறந்தவர் எல்லோருக்கும் ஐரிஷ் வேர் என்றும் சொல்ல முடியாது. நமக்கு நன்றாகத் தெரிந்த ராபர்ட் கால்டுவெல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதி, இடையன்குடியில் வாழ்ந்தவர், 1814-ல் பிறந்தது வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில். ஆனால் பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள், கால்டுவெல் என்பதும் ஸ்காட்லாந்து ஊர்ப் பெயர். 1609-க்குப் பிறகு வடக்கில் உள்ள அல்ஸ்டர் மாகாணத்தில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்துக் குடும்பங்களைத் திட்டமிட்டுக் குடியேற்றியதால், அந்தப் பக்கத்துப் பெயர்களில் பாதிக் கதை கடலுக்கு அக்கரையில் இருக்கிறது.

ஏன் பேர் மட்டும் போதாது

மர்ஃபி என்ற பெயர் ஒரே மூதாதையிலிருந்து பரவியது அல்ல. வெக்ஸ்ஃபோர்டு பக்கம் ஒரு குலம், வடக்கே டைரோன் பக்கம் இன்னொரு குலம் என்று, ஒன்றுக்கொன்று உறவே இல்லாமல் தனித்தனியாக அந்தப் பெயர் முளைத்தது. முரஹூ என்ற பெயருள்ள தாத்தாக்கள் பல இடங்களில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

கார்க், கெரி மாவட்டங்களில் சல்லிவன்கள் நிறைந்திருப்பார்கள். ஒரே கிராமத்தில் நான்கு பேட்ரிக் சல்லிவன் இருந்தால் ஊர்க்காரர்கள் எப்படிக் கூப்பிடுவார்கள்? நம் ஊரில் எப்படியோ அப்படித்தான். பட்டப்பெயரும், அப்பா பெயரும், தலைமுடி நிறமும் சேர்ந்துகொள்ளும். பழைய வரிப் பதிவேடுகளில் 'பேட்ரிக் சல்லிவன் (மைக்கேல்)' என்று எழுதியிருப்பார்கள். மைக்கேலின் மகன் பேட்ரிக் என்று அர்த்தம். அந்த அடைப்புக்குறிக்குள் ஒரு தலைமுறை இலவசமாகக் கிடைக்கிறது, கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இங்கேதான் ஊர் வருகிறது. அயர்லாந்துத் தீவில் 32 மாவட்டங்கள், ஏறத்தாழ 2,500 பழைய வரிவிதிப்புப் பங்குகள் ('பாரிஷ்' எனப்படும் பிரிவுகள்), அவற்றுக்குள் 60,000-க்கும் மேற்பட்ட 'டவுன்லேண்ட்'கள். பேரில் டவுன் இருந்தாலும் அது நகரம் இல்லை. எல்லை வகுத்த ஒரு சிறு நிலப்பகுதி, சிலவற்றில் ஐந்தாறு வீடுகள்தான் இருக்கும். கிராமப்புற ஐரிஷ்காரருக்கு 'நீ எந்த ஊர்' என்றால் பதில் டவுன்லேண்டின் பெயர்தான். வரி, நிலம், கணக்கெடுப்பு எல்லாம் அதன் அடிப்படையிலேயே எழுதப்பட்டன. மாவட்டம் தெரிந்தால் பாதி வழி, டவுன்லேண்ட் தெரிந்தால் வாசற்படி.

ஊர்ப் பெயரிலும் சிக்கல் உண்டு. 1824-லிருந்து அரசு நில அளவைக்காரர்கள் தீவு முழுவதையும் அளந்து, ஐரிஷ் ஊர்ப் பெயர்களை ஆங்கிலக் காதுக்குக் கேட்டபடி எழுதினார்கள். தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆன மாதிரிதான். 'கில்' என்று தொடங்கினால் பெரும்பாலும் கோயில், 'பாலி' என்றால் ஊர், 'நாக்' என்றால் குன்று. ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும், கில்மோர் மட்டும் பல மாவட்டங்களில் உண்டு. 1920-களில் விடுதலையை ஒட்டி சில பெயர்கள் மாறவும் செய்தன. கிங்ஸ் கவுண்டி ஆஃபலி ஆனது, குயின்ஸ் கவுண்டி லீஷ் ஆனது, ஆனி மூர் கப்பல் ஏறிய குயின்ஸ்டவுன் கோவ் ஆனது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டி 'கார்க்கிலிருந்து வந்தோம்' என்று சொல்லியிருந்தால் அது பிறந்த ஊராகவும் இருக்கலாம், கப்பல் ஏறிய துறைமுகமாகவும் இருக்கலாம்.

தேடலை அக்கரையில் தொடங்காதீர்கள்

புதிதாகத் தேடுகிறவர்கள் எடுத்தவுடன் அயர்லாந்துப் பதிவேடுகளுக்குள் குதித்துவிடுவார்கள். ஆசை புரிகிறது. ஆனால் ஊர் தெரியாமல் அங்கே போனால் ஆயிரம் பிரிஜெட் மர்ஃபிகள் எதிரே நிற்பார்கள். ஊர்ப் பெயர் கிடைக்க வாய்ப்புள்ள இடம், அவர்கள் வந்து குடியேறிய நாடுதான்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள். வயதானவர்களிடம் பேசுங்கள், ஜெபப் புத்தகத்துக்குள் வைத்த இரங்கல் அட்டையைப் பாருங்கள், பழைய கடிதங்களின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பிறகு கல்லறைக் கல், செய்தித்தாள் மரண அறிவிப்பு, கத்தோலிக்கக் கோயிலின் திருமணப் பதிவேடு. கல்லறைக் கல்லில் சொந்த ஊரைப் பெருமையோடு செதுக்கிய குடும்பங்கள் நிறைய. 1906-க்கு முந்திய அமெரிக்கக் குடியுரிமைப் பத்திரங்களில் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்று மட்டும்தான் இருக்கும், அதற்குப் பிந்தியவற்றில் பிறந்த இடமும் கேட்டு எழுதினார்கள். பஞ்ச காலத்துக் கப்பல் பட்டியலும் அப்படித்தான். பெயர், வயது, 'கூலியாள்', 'அயர்லாந்து'. அதோடு சரி.

அந்தப் பஞ்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 1845-ல் உருளைக்கிழங்குச் செடியில் பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரியால் நோய் பரவியது. ஏழைகள் பெரும்பாலும் அந்த ஒரே பயிரை நம்பியிருந்தார்கள். 1852 வரையிலான அந்தப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேல் நாட்டை விட்டுப் போனார்கள். 1841-ல் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851-ல் 65 லட்சம். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் இன்று வேர் தேடுகிற பல குடும்பங்களின் கதை இங்கேதான் அறுந்து கிடக்கிறது.

பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் தேடினார்கள், அந்தத் தேடலே இன்று ஆவணம். பாஸ்டனில் வெளிவந்த 'பைலட்' என்ற கத்தோலிக்க வாரப் பத்திரிகை, காணாமல்போன உறவினரைத் தேடும் விளம்பரங்களை 1831-லிருந்து 1921 வரை வெளியிட்டது. இன்ன மாவட்டம், இன்ன பங்கு, இன்ன டவுன்லேண்டிலிருந்து இந்த வருடம் கப்பல் ஏறிய என் தம்பியை யாராவது பார்த்தீர்களா என்று அக்காமார்கள் காசு கொடுத்துப் போட்ட அறிவிப்புகள் அவை. கண் கலங்காமல் படிக்க முடிவதில்லை. அதே நேரம், ஒரு ஆய்வாளருக்கு அதைவிடத் துல்லியமான முகவரி வேறெங்கும் கிடைக்காது.

நியூயார்க்கில் 1850-ல் ஐரிஷ் குடியேறிகளுக்காகத் தொடங்கிய எமிகிரன்ட் சேமிப்பு வங்கியும் அப்படி ஒரு புதையல். கணக்கு வைத்திருப்பவர் வந்து பணம் கேட்டால் அவர்தான் இவர் என்று எப்படி உறுதி செய்வது? பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால் பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர், உடன்பிறந்தவர்கள், வந்த கப்பல் எல்லாவற்றையும் கேட்டு ஒரு ஏட்டில் எழுதி வைத்தார்கள். கேள்விக்குப் பதில் பொருந்தினால் பணம். அந்த ஏடுகள் இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

நேர் முன்னோரைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் அவருடைய அண்ணன், தங்கை, ஞானஸ்நானப் பெற்றோர், பக்கத்து வீட்டுக்காரர் என்று பக்கவாட்டில் போங்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒரே தெருவில் குடியேறுவது எந்த நாட்டிலும் வழக்கம்தான். ஆனி மூரைக் கண்டுபிடிக்க உதவியதும் தம்பியின் பத்திரம்தானே.

ஊர் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பராக் ஒபாமா நல்ல உதாரணம். அவருடைய தாய்வழி முன்னோர் ஃபால்மத் கியர்னி 1850-ல், சுமார் 19 வயதில், ஆஃபலி மாவட்டத்து மனிகால் கிராமத்திலிருந்து அமெரிக்கா வந்தவர். தகப்பனார் செருப்புத் தைக்கும் தொழிலாளி. ஃபால்மத்தின் மகள் டன்ஹாம் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டாள், அந்த வழியில் வந்தவர் ஒபாமாவின் தாயார். கியர்னி என்ற பெயர் அவர் குடும்பத்தில் எந்தச் சுவடும் இல்லாமல் மறைந்துபோயிருந்தது. ஒபாமா என்ற பெயரை எவ்வளவு ஆராய்ந்தாலும் மனிகால் வராது. 2007-ல் அந்தப் பகுதி ஆங்கிலிக்கன் (புராட்டஸ்டண்ட்) கோயிலின் குருவானவர் பழைய பதிவேடுகளைப் புரட்டி அந்தக் குடும்பத்தை உறுதி செய்தார். 2011 மே 23 அன்று ஒபாமா அந்தச் சின்னத் தெருவில் வந்து நின்றார்.

எரிந்ததும் மிஞ்சியதும்

'ஐரிஷ் ஆவணமெல்லாம் எரிந்துபோய்விட்டது' என்று சொல்வார்கள். பாதி உண்மை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. கருகிய காகிதத் துண்டுகள் நகரம் முழுக்கப் பறந்து விழுந்தன. 1821 முதல் 1851 வரையிலான நான்கு மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி அதில் போனது. 1861, 1871 கணக்குகளை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போரின் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாக்கப்பட்டன. சேதத்தில் நெருப்பின் பங்கைவிட அலட்சியத்தின் பங்கு குறைவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

ஆங்கிலிக்கன் கோயில் பதிவேடுகளில் பாதிக்கும் மேல் அன்று எரிந்தன. ஊரிலேயே தங்கிவிட்டவை பிழைத்தன. ஃபால்மத் கியர்னியின் கோயில் பதிவேடு பிழைத்தது அந்த வகையில்தான். கத்தோலிக்கப் பதிவேடுகள் டப்ளினுக்கு அனுப்பப்படவே இல்லை, அதனால் தப்பின. ஐரிஷ் மக்களில் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர்கள் என்பதால் இது பெரிய ஆறுதல்.

மிஞ்சியவற்றில் முழுமையாக இருப்பவை 1901, 1911 கணக்கெடுப்புகள். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். குடும்பத் தலைவர் கைப்பட நிரப்பிய தாள் அப்படியே திரையில் வரும். எழுதத் தெரியாதவர் போட்ட பெருக்கல் குறியும் வரும். 1911 தாளில் திருமணமான பெண்களுக்கு மூன்று கேள்விகள் கூடுதலாக இருந்தன: மணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இன்று உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. பத்து என்று எழுதி அடுத்த கட்டத்தில் ஆறு என்று எழுதியிருக்கும். அந்த நான்கு பேரைத் தேடுவதே தனி வேலை.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விநோதம் தெரியும். 1901-ல் 56 வயது என்று எழுதியவர் 1911-ல் 71 ஆகியிருப்பார். காரணம் 1908-ஆம் வருட முதியோர் ஓய்வூதியச் சட்டம். 70 வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் கொடுத்தார்கள். பலருக்குத் தன் வயது சரியாகத் தெரியாது, பிறப்புச் சான்றிதழும் கிடையாது. 1839 ஜனவரி 6 இரவு அடித்த பெரும் புயல் நினைவிருக்கிறதா என்று கேட்பார்கள். இருக்கிறது என்றால் 70 தாண்டியவர். புயல் நினைவு எத்தனை பேருக்குத் திடீரென்று வந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பசி தெரிந்த சனங்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. வயதை நிரூபிக்க, அப்போது எரியாமல் இருந்த 1841, 1851 கணக்குகளில் தன் குடும்பத்தைத் தேடித் தரும்படி பலர் விண்ணப்பித்தார்கள். எழுத்தர்கள் கண்டதைச் சீட்டில் குறித்தார்கள். மூலம் எரிந்துவிட்டது, சீட்டுகள் இருக்கின்றன. அதுவும் தேசிய ஆவணக் காப்பகத் தளத்திலேயே கிடைக்கும்.

பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றுக்கும் அரசுப் பதிவு 1864-ல் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்கள் மட்டும் 1845-லிருந்தே பதிவாயின. பழைய பக்கங்களின் படங்கள் 'ஐரிஷ் ஜீனியாலஜி' என்ற அரசுத் தளத்தில் இலவசம். சில சமயம் ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதிக்கு முன்னால் இருக்கும்! தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் பிறந்த நாளைத் தள்ளிச் சொல்லியிருப்பார்கள். அந்த மாதிரி இடத்தில் கோயிலை நம்புங்கள்.

1864-க்கு முன்னால் போக கோயில் பதிவேடுதான் வழி. அயர்லாந்து தேசிய நூலகம் கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை 2015-ல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. பெரும்பாலும் 1880 வரை இருக்கும். நகரங்களில் 18-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கும், மேற்குக் கிராமங்கள் பலவற்றில் 1820-க்குப் பிறகுதான். பல குருக்கள் லத்தீனில் எழுதினார்கள். ஜேம்ஸ் 'யாகோபுஸ்' ஆகியிருப்பார், வில்லியம் 'குலியெல்முஸ்' ஆகியிருப்பார். பேச்சுவழக்கும் கலக்கும். கார்க், கெரி பக்கம் டியர்மிட் என்ற ஐரிஷ் பெயருக்கு ஜெரமையா, டார்பி என்று இரண்டு ஆங்கில வேடம். ஹானோரா நோரா ஆவாள், பிரிஜெட் பிடி ஆவாள், அமெரிக்கா போனதும் டீலியா ஆவாள். நல்ல விஷயம் என்னவென்றால், கத்தோலிக்கப் பதிவேட்டில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் எழுதுவார்கள். அப்படி ஒரு வரியில் குழந்தை, தந்தை, தாய், ஞானஸ்நானப் பெற்றோர் இருவர் என்று ஐந்து பெயர்கள் கிடைத்துவிடும்.

டி.என்.ஏ. பரிசோதனை இப்போது மலிவு. ஒய் குரோமோசோம் தகப்பனிலிருந்து மகனுக்குப் போவது, ஐரிஷ் குடும்பப் பெயரும் அப்படியே. அதனால் ஒரே பெயருள்ள இரண்டு ஆண்கள் ஒரே குலமா என்று பார்க்க அது உதவும். ஊரை அது சொல்லாது. கடைகளில் விற்கும் 'உங்கள் குடும்பச் சின்னம்' பலகையை வாங்க வேண்டாம். அந்தச் சின்னங்கள் தனிமனிதர்களுக்கு வழங்கப்பட்டவை, அந்தப் பெயருள்ள எல்லோருக்கும் சொந்தம் அல்ல.

நிலத்தில் போய் நிற்பது

கடைசியாக எனக்கு மிகவும் பிடித்த ஆவணம். வரி விதிப்பதற்காக ரிச்சர்டு கிரிஃபித் என்பவர் தலைமையில் 1847-லிருந்து 1864 வரை அயர்லாந்தின் ஒவ்வொரு வீட்டையும் நிலத்தையும் மதிப்பிட்டார்கள். எரிந்துபோன கணக்குகளுக்குப் பதிலாக நிற்பது இந்த கிரிஃபித் மதிப்பீடுதான். குடியிருப்பவர் பெயர், நிலக்கிழார் பெயர், பரப்பு, மதிப்பு எல்லாம் ஒரே வரியில் இருக்கும். குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான், மனைவி மக்கள் இருக்க மாட்டார்கள். இதற்கு முந்தியது 1823 முதல் 1837 வரையிலான டைத் கணக்கு, ஆங்கிலிக்கன் கோயிலுக்கு விவசாயிகள் கட்டவேண்டிய வரிப் பட்டியல். இரண்டிலும் ஒரே டவுன்லேண்டில் ஒரே குடும்பப் பெயர் வந்தால் நம்பிக்கையோடு முன்னேறலாம்.

கிரிஃபித் வரியின் இடது ஓரத்தில் ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். அதை மதிப்பீட்டு வரைபடத்தில் தேடினால் அந்த நிலத்துண்டும் வீடும் எங்கே என்று தெரியும். 'ஆஸ்க் அபவுட் அயர்லாந்து' என்ற தளத்தில் அந்தப் பழைய வரைபடத்தை இன்றைய வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். டவுன்லேண்டுகளின் பெயர்கள் இன்றும் கிராமப்புற முகவரிகளில் புழங்குகின்றன. ஆகவே நேரில் போய் நிற்கலாம். சுவர்கள் இடிந்து கல் குவியலாகக் கிடந்தாலும் இடம் அதுதான்.

மதிப்பீடு முடிந்த பிறகும் அலுவலகம் அந்த ஏடுகளை மூடி வைக்கவில்லை. குடியிருப்பவர் மாறும்போதெல்லாம் எழுத்தர் வந்து பழைய பெயரை வண்ண மையால் அடித்து, புதிய பெயரை எழுதி, ஓரத்தில் வருடத்தைக் குறித்தார். ஒரு தடவை சிவப்பு, அடுத்த தடவை நீலம் அல்லது பச்சை. வடக்கின் ஏடுகள் பெல்ஃபாஸ்ட் ஆவணக் காப்பகத் தளத்தில் இருக்கின்றன, மற்றவற்றை டப்ளினில் பார்க்கலாம். அப்பா பெயரை அடித்து மகன் பெயர் வந்திருக்கும், மகன் பெயரை அடித்து விதவையான மருமகள் பெயர் வந்திருக்கும். பிறகு ஒரு வருடம் அந்தக் குடும்பப் பெயரே அடிக்கப்பட்டு வேறு யாரோ வந்திருப்பார்கள். சில ஏடுகளில் அதுவும் இல்லை, வீடு இருந்த கட்டத்தில் 'இடிந்தது' என்று மட்டும் எழுதியிருக்கும். அந்த வருடத்தைக் குறித்துக்கொண்டு கப்பல் பட்டியலுக்குத் திரும்புங்கள். இப்போது தேட வேண்டிய ஆண்டுகள் இரண்டோ மூன்றோதான்.